வசந்தாமணிக்கு ஒரு ஹீட்டர் வால்வு

பேக்க மடியில வெச்சுக்காதீங்க சார், பின்னாடி சீட்டுல போடுங்க. கால நீட்டி வசதியா உக்காருங்க. மேல கோத்தகிரி போறதுக்குள்ள மழ புடிச்சுரும். புடிச்சா மெதுவாத்தான் போவோணும். அவசரமில்லீங்களே?

ஸ்டேண்டுல நீங்க வண்டி பேசறப்ப வெள்ள வேட்டி கட்டுன ஒரு ஆளு டீ குடிச்சுட்டிருந்தாருல்ல. என்னயப் பாத்ததும் பாதி டீய அப்படியே வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போனாரு. நீங்களும் கவனிச்சீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு பாத்துப்போட்டு உட்டுட்டீங்க. அவரு என்ற மச்சான் சார். சம்சாரத்தோட கூடப் பொறந்த அண்ணன். பேரு சென்னியப்பன். இங்க மேட்டுப்பாளையத்துலயே வாழக்கா மண்டியில இருக்காரு. தங்கமான மனுசன், அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா போன மார்கழியிலிருந்து எங்கூடப் பேசறதில்ல. சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் எனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு சொல்லி வெச்சிருக்காரு. நான் பேசறதப் பாத்தா அப்படியா சார் இருக்குது? முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

எல்லாம் ஒரு வால்வுனால வந்தது. ஹீட்டர் வால்வு.

வண்டியில ஹீட்டர்ங்கறது கரண்டுல ஓடறது இல்லீங்க. எஞ்சின் சூட்டுல தண்ணி கொதிக்குதுல்ல, அதுல கொஞ்சம் ஒரு ஹோஸ் வழியா டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற குட்டி ரேடியேட்டருக்கு வரும். ஃபேன் காத்து அது மேல பட்டு உள்ள சூடா அடிக்கும். அந்த ஹோஸுக்கு நடுவுல நிக்கறதுதான் வால்வு. இந்த லீவர இழுத்தா தொறக்கும், தள்ளுனா மூடும். அவ்வளவுதான் சங்கதி. ஆனா அதையும் பாத்துக்கோணும். வெயில் காலத்துலயும் அப்பப்ப லீவர இழுத்து உடோணும், இல்லாட்டி துரு ஏறி அப்படியே புடிச்சுக்கும். கேபிளுக்கு எண்ணெ காட்டோணும். ரேடியேட்டருக்கு வெறும் பைப்புத் தண்ணி ஊத்தப்படாது, கூலண்ட் கலந்துதான் ஊத்தோணும். நான் எல்லாம் பண்ணுவேன். கோத்தகிரியில வண்டி ஓட்டறவனுக்கு ஹீட்டர் இல்லாம ஆவாதுங்க. குளிரு ஒரு பக்கம் கெடக்கட்டும், மழையில கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிஞ்சு ரோடே தெரியாது.

அப்பிடிப் பாத்துப் பாத்து வெச்சிருந்த வால்வு ஒரு சித்திர மாசம் ஒழுக ஆரம்பிச்சுருச்சு. சவாரியோட கீழ வந்திருக்கேன். வெயிலு மண்டையப் பொளக்குது, உள்ள ஒரு குடும்பமே உக்காந்து புழுங்கிச் சாவுது. பக்கத்துல இருந்த ஒர்க்‌ஷாப்புல உட்டேன். அந்த மெக்கானிக் வால்வக் கழட்டி ஓரமா வீசிப்போட்டு, போற ஹோஸையும் வர்ற ஹோஸையும் ஒரு துண்டு பைப்பு வெச்சு ஒண்ணாச் சேத்துட்டான். தண்ணி ஹீட்டருக்கே போவாம அப்படியே திரும்பிரும். “இந்த ஊரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குங்ணா?”ன்னான். கீழ இருக்கற மெக்கானிக்குங்க எல்லாருமே அப்படித்தான், ஹீட்டர்னா அவங்களுக்கு அது ஒரு வேண்டாத தொந்தரவு. சரி, மார்கழிக்குள்ள புதுசு வாங்கிப் போட்டுக்கலாம்னு நானும் உட்டுட்டேன்.

அந்த வருசந்தான் வசந்தாமணிக்கு கிட்னி போச்சு.

வசந்தாமணிதான் என்ற சம்சாரம். எங்களுக்குப் புள்ளகுட்டி இல்லீங்க. அவளும் நானும் இந்த வேனுந்தான். ஊட்டியில டயாலிசிஸுக்கு எடங் கெடைக்கல. கோயமுத்தூருல ஒரு ஆஸ்பத்திரியில கெடச்சுது. வாரத்துக்கு மூணு வாட்டி மலையெறங்கிப் போவோணும், முடிச்சுப்போட்டு மலையேறோணும். டயாலிசிஸ் பாத்திருக்கீங்களா சார்? பாக்காதவரைக்கும் நல்லது. ஒரு குழாயில ரத்தம் வெளிய வந்து, மிஷினுக்குள்ள சுத்தமாகி, இன்னொரு குழாயில திரும்ப உடம்புக்குப் போவுது. மொத நாள் பாத்ததும், “அட, நம்ம ரேடியேட்டர் மாதிரியேதான் வசந்தா”ன்னேன். “ஆமா, வேன்ல நாலு சக்கரம், நான் அஞ்சாவது”ன்னு சிரிச்சா. அந்தக் கெதியிலயும் நக்கலு கொறையாது அவளுக்கு.

ஆனா முடிச்சுட்டு வெளிய வந்தா நடுக்கம். ரத்தம் வெளிய சுத்திட்டு வர்றதுல ஒடம்பு ஆறிப்போயிருமாம். கோயமுத்தூரு வெயிலுலயே பல்லு அடிக்கும். அப்புறம் மலையேறுனா கேக்கோணுமா? ரெண்டு கம்பளி போத்தி, குல்லா மாட்டி, பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி மடியில வெச்சு உடுவேன். இந்த சீட்டுலதான் சார், நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அதுலதான் சுருண்டு கெடப்பா. ஒவ்வொரு வளைவுலயும் அவ பல்லு கடகடன்னு அடிக்கறது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேக்கும். எனக்கு, அவ வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒருக்காவாச்சும் சூடா வரோணும், அது போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னு தோணும்.

அதுலருந்து அந்த வால்வத் தேட ஆரம்பிச்சேன். இந்த மாடலு வண்டி வர்றது நின்னு எந்தக் காலமோ ஆச்சு, புது வால்வு எங்கியுமே இல்ல. நானே ஒரு வழி பண்ணிப் பாத்தேன். வீட்டுக்குத் தண்ணிக் குழா போடறாங்கல்ல, அந்தப் பித்தள வால்வு ஒண்ண வாங்கி ஹோஸுக்கு நடுவுல மாட்டுனேன். எங்க பக்கம் பல பேரு அப்படித்தான் ஓட்டறாங்க. கார்த்திக தீபத்துக்கு பானெட்டத் தூக்கி வால்வத் தொறந்து உட்டா சிவராத்திரி வரைக்கும் ஓடும். நம்ம வண்டிக்கு அது ஒத்துக்கல. மூணாவது நாள் நடு மலையில ஹோஸு பிச்சுக்கிட்டு உள்ளயெல்லாம் ஒரே ஆவி. பதறிப்போய் வண்டிய நிறுத்துனா அவ குல்லாவத் தூக்கிப்போட்டு, “இட்லிப் பானைக்குள்ள வெச்சாப்பல இருக்குதுங்க, இன்னுஞ் செத்த நேரம் உடுங்க”ன்னா. சிரிக்கறதா அழறதா சார்?

மறுபடி அந்தத் துண்டு பைப்பையே மாட்டிப்போட்டு, அப்புறம் கோயமுத்தூரு உக்கடம். பழைய வண்டியெல்லாம் பிரிச்சு விக்கறாங்கல்ல, அங்க. அவள உள்ள படுக்க வெச்சு மிஷின மாட்டுனதும் நான் கெளம்பிருவேன். நாலு மணி நேரம் இருக்குதில்ல. கடகடையா ஏறி எறங்குவேன். ஒருத்தங்கிட்ட இருக்கற வால்வுல ரப்பர் காஞ்சு போயிருக்கும், இன்னொருத்தன் வேற வண்டியோடதக் காட்டி இதுதான்னு சாதிப்பான். டயாலிசிஸ் எடத்துல கூட வர்றவங்களுக்குக் கட்டலு பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டிருப்பாங்க. மத்த ஆம்பளைங்க அதுல உக்காந்து போன நோண்டிட்டிருப்பானுங்க. எனக்கு அப்படிச் சும்மா உக்காந்திருக்க வராதுங்க. சம்சாரம் குளுர்ல நடுங்கறவ, நான் ஸ்டூல்ல உக்காந்து என்ன பிரயோசனம்?

அவ சொல்லுவா. “கம்பளியே போதுமுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து எதாச்சும் பேசிட்டிருங்க, குளுரு தெரியாது”ன்னு. ஒரு வாட்டி இல்ல, போறப்பயெல்லாம் சொல்லுவா. வால்வுக்குக் காசு செலவாயிருமேன்னு அவளுக்கு ஒரு இது. தனக்குன்னு ஒண்ணு கேக்கவே மாட்டா சார் அவ. அந்த மாதிரிப் பொம்பள.

மார்கழியில ஒரு வெள்ளிக்கெழம. மலையெறங்கறப்பவே அவ மொகம் ஒரு மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. படுக்க வெச்சுட்டுத் திரும்பறேன், என்ற சட்டையப் புடிச்சுக்கிட்டா. “இன்னிக்கு ஒரு நாளு இங்கியே இருங்களேன்”னா. அன்னிக்குன்னு பாத்துக் காத்தாலதான் உக்கடத்துக் கடைக்காரரு போன் பண்ணிச் சொல்லியிருக்காரு, சரியான வால்வு ஒண்ணு வந்திருக்குது, பிரிக்காத டப்பாவுலன்னு. நான் சொன்னேன், “வசந்தா, வால்வு கெடச்சுருச்சு, திரும்பிப் போறப்ப பாரு, வேர்க்குதுன்னு கம்பளியத் தூக்கி வீசப் போற”ன்னு. அவ கைய எடுத்துட்டா. “சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க”ன்னா.

போனா கடைக்காரரு தொழுகைக்குப் போயிட்டாரு. சரின்னு வாசல்லயே நின்னேன். வந்தாரு, டப்பாவப் பிரிச்சாரு. நான் வால்வ வாயில வெச்சு ஊதிப் பாத்தேன். மூடுனா ஒரு பொட்டுக் காத்துப் போகல, தொறந்தா தாராளமாப் போவுது. எனக்கு என்ன சந்தோசம்ங்கறீங்க! சின்னப் பையனாட்டம் வண்டிய முடுக்கிட்டு வந்தேன்.

வந்து பாத்தா அவ கட்டலச் சுத்தித் திரையப் போட்டிருந்தாங்க. பிரஷர் எறங்கிப் போச்சாம். திடீர்னு எறங்குனது, ஏத்த முடியலையாம். நர்ஸம்மா எங்கிட்ட வந்து, “உங்களத்தான் ரெண்டு மூணு வாட்டி கேட்டாங்க”ன்னுச்சு. அந்தக் கடைக்காரரு மட்டும் கொஞ்சம் நேரத்தோட வந்திருந்தாருன்னா, இல்ல தொழுகைக்குப் போறேன்னு போன்லயே சொல்லித் தொலைச்சிருந்தாருன்னா, நான் வந்திருப்பேனுங்க. யாரச் சொல்லி என்ன பண்றது. என்ற கையில வால்வு இருக்குது சார். அது யாருக்காக வாங்குனது?

அழுதேன். அழாம என்ன? ஆனா ஆஸ்பத்திரியில காயிதம் எழுதி அனுப்பறதுக்கு நேரமாகும்னாங்க. மச்சானுக்கும் கொழுந்தியா பூங்கொடிக்கும் சொல்லியாச்சு, அவங்க மேட்டுப்பாளையத்துலருந்து வரோணும். அதுவரைக்கும் நான் என்ன பண்றது? வெளிய வந்து வண்டி நிக்கற எடத்துல பானெட்டத் தூக்குனேன். அந்தத் துண்டு பைப்ப அறுத்து எறிஞ்சேன். வால்வ வெச்சு ரெண்டு பக்கமும் ஹோஸ மாட்டி கிளாம்ப முடுக்குனேன். கேபிள மாட்டுனேன். அப்புறம் காத்து எடுக்கோணும் சார், அது முக்கியம். லைன்ல காத்து நின்னுச்சுன்னா சூடு வராது. ரேடியேட்டர் மூடியத் தொறந்து, லீவர முழுசா இழுத்து உட்டு, எஞ்சின ஓட உட்டு, கொமுள் வர்றது நிக்கற வரைக்கும் கூலண்ட் ஊத்திட்டே இருக்கோணும். அப்படி ஊத்திட்டிருக்கறப்பத்தான் மச்சானும் பூங்கொடியும் ஆட்டோவுலருந்து எறங்குனாங்க.

“மாப்ள, என்ன காரியம் பண்ணிட்டிருக்கீங்க?”ன்னாரு மச்சான். கையெல்லாம் கறையோட நிக்கறேன். “முடிஞ்சுது மச்சான், காத்து மட்டுந்தான் எடுக்கோணும்”னேன். ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. அப்பவே முடிவு பண்ணிட்டாராட்ட இருக்குது, இவனுக்குக் கழண்டு போச்சுன்னு.

ஆம்புலன்ஸ் சொல்லலாம்னாரு. நான் ஒத்துக்கல. அதுல ஏசி போட்டு ஐஸ்ஸாட்டம் கொண்டு போவாங்க. “என்ற வண்டியிலதான் வருவா”ன்னேன். நடு சீட்டக் கழட்டி, மெத்தையப் போட்டு, கால் முன்பக்கம் வர்ற மாதிரி படுக்க வெச்சேன். இந்த வண்டியில ஹீட்டர் காத்து கீழதான் சார் அடிக்கும், கால் மாட்டுல. மச்சான் முன்னாடி உக்காந்தாரு, பூங்கொடி அக்கா பக்கத்துல கீழ உக்காந்துக்கிச்சு.

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற ஆரம்பிச்சதும் மழ. நான் ஹீட்டரப் போட்டேன். மச்சானுக்கு ரெண்டு வளைவு கழிச்சுத்தான் தெரிஞ்சுது. “மாப்ள, பொணம் வெச்ச வண்டியில ஹீட்டர் போடறீங்களே, தாங்குமா? நிறுத்துங்க”ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. பொணம்னு சொன்னது அவரு தங்கச்சிய. “கண்ணாடிய ஆவி மூடுது மச்சான், இது இல்லாம ரோடு தெரியாது”ன்னேன். பொய்யில்லீங்களே சார், நெசந்தான? அவரு மொணகிட்டு உட்டுட்டாரு. சட்டையெல்லாம் நனஞ்சு போற அளவுக்கு வேர்த்து ஊத்துது அவருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நெறவு, சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. எத்தன வளைவு ஏறியிருப்பா அவ நடுங்கிட்டே. இன்னிக்கு நடுங்கலையே.

பாதி மலைக்கு மேல வந்திருப்போம். செத்தவங்களுக்குக் கால் கட்டவெரல் ரெண்டையும் சேத்துத் துணியில கட்டுவாங்கல்ல, வண்டி ஆட்டத்துல அது அவுந்துருச்சு. பூங்கொடி திரும்பக் கட்டலாம்னு கால்ல கைய வெச்சுது. வெச்ச கைய எடுக்கல. “அண்ணா”ன்னு ஒரு சத்தம். “அண்ணா, அக்கா கால் சுடுது. அண்ணா, அக்கா கால் சுடுதுண்ணா!”

மச்சான் சீட்டத் தாண்டிப் பின்னாடி உழுந்தாரு. தொட்டாரு. பாதம், கணுக்காலு, மொழங்காலு வரைக்கும் நல்ல சூடு. “உசுரு இருக்குது மாப்ள! உசுரு இருக்குது, வண்டியத் திருப்புங்க!”ன்னு கத்தறாரு. தாடையச் சுத்திக் கட்டியிருந்த துணிய அவுக்கறாரு, முடிச்சு வரல, பல்லுல கடிச்சு இழுக்கறாரு. “அம்மிணி, கண்ணு, அண்ணன் வந்திருக்கறேன் பாரு”ங்கறாரு. பூங்கொடி காலத் தேச்சுக்கிட்டே மாரியாத்தாளுக்கு வேண்டுது.

அந்த எடத்துல எவனும் வண்டி திருப்ப மாட்டான் சார். நான் திருப்புனேன். ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் பள்ளம், எப்படித் திருப்புனேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

இப்ப மச்சான் சொந்தக்காரங்ககிட்ட என்ன கேக்கறாருன்னா, ஹீட்டரப் போட்டவன் அவன், அவனுக்குத் தெரியாதான்னு கேக்கறாரு. வால்வ மாட்டுனவன் அவன், காத்து எங்க அடிக்கும்னு தெரிஞ்சு படுக்க வெச்சவன் அவன், வேணும்னே எங்கள ஏமாத்துனானான்னு கேக்கறாரு. சத்தியமாச் சொல்றேன் சார், எனக்குத் தோணவே இல்ல. இத்தன வருசமா வண்டி ஓட்டறேன், ஒரு நிமிசம் தோணல. அவ உசுரோட இருக்கறாங்கறது மட்டுந்தான் மண்டையில. எறங்கறப்ப பூங்கொடி, “மாமா, இன்னுங் கொஞ்சம் சூடு வெய்யுங்க”ன்னுச்சு. மச்சானே சொன்னாரு சார், “முழுசா வெய்யுங்க மாப்ள”ன்னு. நிறுத்தச் சொன்ன அதே ஆளு. நான் முழுசா வெச்சேன். “மாமா, நீங்க பின்னாடி வந்து ஒரு வாட்டி கூப்புடுங்க, உங்க கொரலு கேட்டா கண்ணத் தொறந்துரும்”னு அழுதுச்சு பூங்கொடி. நான் எப்படிங்க போறது? வண்டிய யாரு ஓட்டறது?

கீழ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போயி நிறுத்துனேன். சின்ன வயசு டாக்டரம்மா ஒண்ணு ஓடி வந்து வண்டிக்குள்ளயே ஏறுச்சு. கழுத்துல கைய வெச்சுப் பாத்துச்சு. கண்ணத் தூக்கி லைட் அடிச்சுப் பாத்துச்சு. கால் சூடா இருக்குதுன்னு மூணு பேரும் ஒரே நேரத்துல சொல்றோம். அது கால்ல கை வெக்கப் போன எடத்துல நின்னுச்சு. அப்புறம் கையக் கொண்டு போயி டேஷ்போர்டுக்கு அடியில, காத்து வர்ற எடத்துல வெச்சுது. செத்த நேரம் அப்படியே வெச்சிருந்துச்சு. யாரையும் பாக்கல. “ஹீட்டர ஆஃப் பண்ணுங்க”ன்னு மட்டும் சொல்லுச்சு.

எனக்குக் கை போகல சார். மச்சான்தான் எட்டி மூடுனாரு. ஆனா அவரு டாக்டரம்மாவ நம்பல. “நெசமாவே உசுரு இருந்தா ஹீட்டர் இல்லாமயும் சூடு நிக்குமில்ல? நின்னு பாப்பம்”னாரு. டாக்டரம்மா எறங்கிக் கதவோரமா நின்னுக்கிச்சு. மழ உட்டிருந்துச்சு. மச்சானும் பூங்கொடியும் ஆளுக்கொரு பக்கமா ஒரு காலப் புடிச்சுக்கிட்டாங்க. நான் அப்பத்தான் எறங்கிப் பின்பக்கமா ஏறி, மெத்தையில உக்காந்து, இன்னொரு காலப் புடிச்சேன். ரெண்டு கைக்குள்ள வெச்சுக்கிட்டேன். காத்திருக்கறோம்.

மொதல்ல பூங்கொடி கைய எடுத்துச்சு. எடுத்து மொகத்துல வெச்சுக்கிச்சு. அப்புறம் கொஞ்ச நேரங் கழிச்சு மச்சான் எடுத்தாரு. எடுத்துப்போட்டு, “அவ சாகறப்ப எங்க போயிருந்தீங்க மாப்ள?”ன்னு கேட்டாரு. அந்த நேரத்துல கேக்கற கேள்வியா சார் அது? “வால்வு வாங்கத்தான் மச்சான், அவளுக்காகத்தான் போயிருந்தேன்”னு சொன்னேன். அவரு, “வண்டிய எடுங்க, இருட்டறதுக்குள்ள போயிரலாம்”னாரு.

நான் கால உடல. “இன்னும் சூடு இருக்குது மச்சான், இந்தக் காலுல இருக்குது. தொட்டுப் பாருங்க”ன்னேன்.

அவரு தொட்டுப் பாத்தாரு. பாத்துப்போட்டு, என்ற வெரல ஒவ்வொண்ணா அவ கால்லருந்து எடுத்து உட்டாரு.

“அது உங்க கைச்சூடு மாப்ள”ன்னாரு.

அப்புறம் நான் முன்னாடி வந்து வண்டிய எடுத்தேன்.